எந்த இனிப்பு, யாருக்கு, எவ்வளவு: திருகோணமலைச் சமையலறைக்கான ஓர் ஒப்பீடு

திருகோணமலை நகரத்துப் பலசரக்குக் கடைகளில் இனிப்புக்கென்று கேட்டால் வெள்ளைச் சீனி, சிவப்புச் சீனி, சர்க்கரை, குட்டானில் வரும் பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, கித்துள் பாணி, போத்தலில் அடைத்த தேன் என்று பல பொருட்கள் கிடைக்கும். வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நகரத் தொடங்குகிறது. முதலில் வெள்ளைச் சீனி நிறுத்தப்பட்டுச் சிவப்புச் சீனி வாங்கப்படும்; பிறகு யாரோ ஒருவர் பனங்கட்டி நல்லது என்பார்; கொஞ்சம் வசதியுள்ள வீடாக இருந்தால் ஈற்றில் தேனில் வந்து நிற்கும். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. விலை ஏறும் அளவுக்கு உடலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஏறுகிறதா என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. பெரும்பாலான இடங்களில் ஏறுவதில்லை என்பதுதான் என் முடிவு. ஆனால் வேறுபாடு உண்மையாகவே இருக்கின்ற சில இடங்கள் உள்ளன. அவை கடைத்தட்டில் நாம் தேடும் இடங்களாக இருப்பதில்லை.

இந்தப் பொருட்கள் எல்லாவற்றின் இனிப்பும் மூன்றே மூன்று வகைச் சீனிகளிலிருந்து வருகிறது: குளுக்கோஸ், பிரக்டோஸ், இவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த சுக்குரோஸ். வெள்ளைச் சீனி 99 சதவீதத்துக்கும் மேல் சுக்குரோஸ்தான். பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, கரும்புச் சர்க்கரை ஆகியவற்றிலும் பெரும்பங்கு அதுவே. மீதி நீரும், பிரிந்து நிற்கும் குளுக்கோஸ், பிரக்டோஸும், கொஞ்சம் கனியுப்புகளும், நிறமும் மணமும் தரும் பொருட்களுமாக இருக்கும். தேனில் மட்டும் இந்தப் பிணைப்பைத் தேனீயின் நொதியம் முன்னரே உடைத்துவிடுவதால் குளுக்கோஸும் பிரக்டோஸும் தனித்தனியாகவே இருக்கின்றன. சுக்குரோஸ் சிறுகுடலுக்குள் போனதும் அங்குள்ள நொதியம் அதைச் சரி பாதியாக, ஒரு குளுக்கோஸாகவும் ஒரு பிரக்டோஸாகவும் வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுக்குப் பிறகு அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்பதைக் குடல் அறிய வழியில்லை. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் சூடு சற்றுச் சற்று மாறினாலும் அடியிலிருந்து வருவது ஒரே நீர்தான். சீனிகளின் கதையும் ஏறத்தாழ அப்படியே.

உடலுக்குள் நுழைந்த பிறகு இந்த இரண்டு பாதிகளும் வேறு வேறு வழியில் போகின்றன. எல்லா ஒப்பீடும் இங்கேதான் தொடங்க வேண்டும். குளுக்கோஸ் நேரே இரத்தத்தில் கலந்து, சதையியிலிருந்து இன்சுலினை வரவழைத்து, மூளை, தசை, கொழுப்புத் திசு என்று உடலின் எல்லாப் பக்கமும் போகிறது. விரல் நுனியில் குத்தி நாம் பார்க்கும் அளவு இந்தக் குளுக்கோஸின் அளவு. பிரக்டோஸ் அப்படியல்ல. சிறிய அளவாக இருந்தால் குடற்சுவரிலேயே ஒரு பகுதி மாற்றமடைகிறது. அளவு கூடினால் மிகுதி ஈரலுக்குப் போகிறது. குளுக்கோஸை உடைக்கும்போது, கலத்தில் போதிய சக்தி இருந்தால் வேகத்தைக் குறைக்கும் ஒரு நொதியம் வழியில் காவல் நிற்கிறது. பிரக்டோஸ் அந்தக் காவலைக் கடந்து உள்ளே போய்விடுவதால், கூடுதலாகவும் விரைவாகவும் வந்து சேர்ந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுவதற்கு இடமுண்டாகிறது. அந்த வேலையில் ஈரற் கலங்களின் சக்தி விரைவாகச் செலவாவதன் விளைவாக யூரிக் அமிலமும் கூடுகிறது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடற்பருமன் கூடியவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குளுக்கோஸ் கலந்த பானமும் மற்றதற்குப் பிரக்டோஸ் கலந்த பானமும், நாளாந்தச் சக்தித் தேவையின் 25 சதவீதம் அதிலிருந்தே வரும்படி 10 வாரங்கள் கொடுத்தார்கள். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு எடை கூடினர். ஆனால் வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்புக் கூடியதும், இன்சுலினுக்கு உடல் பணியும் தன்மை குறைந்ததும் பிரக்டோஸ் குழுவில்தான். 25 சதவீதம் என்பது சாதாரணமாக நாம் உண்ணும் அளவை விட மிகக் கூடியது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஒரு கதலி வாழைப்பழத்தைப் பார்த்துப் பயப்பட இந்த ஆய்வு காரணமாகாது.

இதை விளங்கிக்கொண்டால், பொதிகளில் இப்போது பெருமையோடு அச்சிடப்படும் கிளைசீமிக் சுட்டெண்ணையும் அதற்குரிய இடத்தில் வைக்கலாம். கனடாவின் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981 இல் அறிமுகப்படுத்திய அளவுகோல் இது: ஓர் உணவு இரத்தக் குளுக்கோஸை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைத் தூய குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவது. அந்த அளவில் வெள்ளைச் சீனி ஏறத்தாழ 65, தேன் வகைக்கு வகை மாறிச் சராசரியாக 60 அளவில், வெள்ளைப் பாண் 75 அளவில், பிரக்டோஸ் 20 அளவில் நிற்கின்றன. பாணை விடச் சீனிக்குக் குறைந்த எண் கிடைப்பதைப் பார்த்துச் சீனி நல்லது என்று யாரும் முடிவு செய்வதில்லை, செய்யவும் கூடாது. சீனியில் பாதி பிரக்டோஸாக இருப்பதும், அந்தப் பாதி இரத்தப் பரிசோதனையில் தெரியாமல் ஈரலுக்குப் போய்விடுவதுமே அந்தக் குறைந்த எண்ணுக்குக் காரணம். பிரக்டோஸின் எண் மிகக் குறைவாக இருந்ததால் ஒரு காலத்தில் அதை நீரிழிவாளருக்கான இனிப்பென்றே விற்றார்கள். எனவே ஓர் இனிப்பின் பொதியில் சுட்டெண் குறைவு என்று எழுதியிருந்தால், நான் முதலில் கேட்பது மற்றப் பாதி எங்கே போனது என்பதைத்தான்.

நிறத்தை நம்பலாமா

வெள்ளைச் சீனிக்கும் சிவப்புச் சீனிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பளிங்காக்கும்போது மிஞ்சும் கரும்பாகு முழுவதும் நீக்கப்பட்டால் வெள்ளை. கொஞ்சம் ஒட்டி நின்றால் சிவப்பு. பெல்வத்தையிலும் செவனகலையிலும் உற்பத்தியாகும் உள்ளூர்ச் சீனி இந்த நிறத்தில்தான் வருகிறது. நம்முடைய மாவட்டத்திலேயே செக்கோசிலோவாக்கிய உதவியோடு எழுந்து, 1993 இல் மூடப்பட்ட கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை இன்று இயங்கியிருந்தால் நாமும் நம்மூர்ச் சீனியை உண்டிருக்கலாம் என்ற ஆதங்கம் பலருக்கு உண்டு. அது வேளாண்மையையும் வேலைவாய்ப்பையும் பற்றிய நியாயமான ஆதங்கம். உடலைப் பொறுத்தவரை 100 கிராம் வெள்ளைச் சீனி ஏறத்தாழ 387 கிலோகலோரியும், அதே அளவு சிவப்புச் சீனி ஏறத்தாழ 380 கிலோகலோரியும் தருகின்றன. ஒரு தேக்கரண்டிக்கு இந்த வேறுபாடு ஒரு கிலோகலோரி கூட இல்லை. உள்ளூர் உற்பத்தி என்பதற்காகவோ சுவைக்காகவோ சிவப்புச் சீனி வாங்குவது நல்ல காரணம். நீரிழிவுக்காக வாங்குவது காரணமே இல்லை. சிவப்புச் சீனி இனிப்புக் குறைவு என்று நினைத்து இன்னோர் அரைக் கரண்டி கூடப் போடுகின்ற வீடுகளில் அது நட்டமாகவும் முடிகிறது.

பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் இவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியவை அல்ல. இவை சாறாக இருந்ததை அப்படியே காய்ச்சி வற்றவைத்துச் செய்யப்படுவதால் பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு ஆகிய கனியுப்புகள் உள்ளே தங்குகின்றன. வெள்ளைச் சீனியில் இவை ஏறத்தாழ இல்லை. எனவே பனங்கட்டியில் சத்து இருக்கிறது என்று அம்மம்மா சொன்னது பொய்யல்ல. கேள்வி அளவைப் பற்றியது. கருப்பட்டி வகைகளில் 100 கிராமுக்கு ஒரு சில மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாம் ஒரு வேளைக்குக் கடிக்கும் 10 கிராம் துண்டில் ஒரு மில்லிகிராம் கூட வருவது கடினம். மாதவிடாய் உள்ள பெண்ணொருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதைப் பனங்கட்டியிலிருந்து பெற முயன்றால், இரும்பு வந்து சேர்வதற்கு முன்னர் சில நூறு கிராம் சீனி உள்ளே போயிருக்கும்.

இதிலும் ஒரு முரண் இருக்கிறது. பனங்கட்டியை நாம் பெரும்பாலும் வெறுந்தேநீரோடுதான் கடிக்கிறோம். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கும் பொருட்களில் தேயிலையின் பொலிபீனோல்கள் முன்வரிசையில் நிற்பவை. ஆகவே பனங்கட்டியின் இரும்பைப் பெறுவதற்கு மிகப் பொருத்தமற்ற கூட்டாளியோடுதான் அதை வழக்கமாக உண்கிறோம். இரும்பு வேண்டுமென்றால் கிண்ணியாப் பக்கத்திலும் தம்பலகாமம் குடாவின் கரைகளிலும் எடுக்கப்படும் மட்டி, அல்லது நெத்தலியும் தேசிக்காய் பிழிந்த கீரையும் பல மடங்கு நேரான வழிகள்; அவற்றில் சீனியும் இல்லை.

அப்படியானால் பனங்கட்டிக்கு எந்த அனுகூலமும் இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது, அது உண்ணும் முறையில் இருக்கிறது. தேநீரில் சீனியைக் கலந்தால் எவ்வளவு போட்டோம் என்பது கரைந்த கணத்திலேயே மறைந்துவிடுகிறது. கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, ஒரு மிடறுக்கு ஒரு சிறு கடி என்று குடிப்பவருக்கு அந்தத் துண்டு முடிவது கண்ணுக்குத் தெரிகிறது. இனிப்பும் நாக்கில் நேரே படுவதால் குறைந்த அளவே போதுமாகிறது. குவித்த தேக்கரண்டி ஒன்று 6 கிராம் அளவில் வரும். இரண்டு குவித்த கரண்டி போட்டுக் குடிப்பவர் அதற்குப் பதிலாகச் சுண்டுவிரல் நுனியளவு பனங்கட்டியோடு நிறுத்திக்கொண்டால் சீனி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இது பனையின் மகிமையல்ல, அளவின் பயன். அதே பனங்கட்டியைத் தூளாக்கித் தேநீரில் மூன்று கரண்டி கலப்பவருக்கு இந்த அனுகூலம் கிடைக்காது.

விலை கூடிய எந்தப் பொருளுக்கும் நேர்வது கருப்பட்டிக்கும் நேர்கிறது: சாற்றோடு வெள்ளைச் சீனியைச் சேர்த்துக் காய்ச்சி, கருப்பட்டி என்று விற்கப்படுவதுண்டு. நிறமும் மணமும் ஓரளவு இருக்கும். கனியுப்புகள் அதற்கேற்பக் குறைந்திருக்கும். நீரிழிவுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் மும்மடங்கு விலை கொடுத்துச் சீனியையே வாங்கிச் செல்லும் நிலை இது. மறுபக்கத்தில், உண்மையான கருப்பட்டியின் பொட்டாசியம் எல்லோருக்கும் நன்மையும் அல்ல. சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும்படி சொல்லப்பட்டவர்கள் கருப்பட்டியை அளவின்றி எடுத்தால், கனியுப்பு நிறைந்தது என்ற அதே காரணத்தாலேயே தீங்கு வரலாம்.

தேனும் பாணியும்

வாகரை, வெருகல் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் தேனுக்கு நம்மவரிடையே மருந்து என்ற மதிப்பு இருக்கிறது. இருமலுக்கு ஒரு கரண்டி தேன் கொடுப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. தொண்டைக்கு இதம் தந்து, ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் இரவு இருமலைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் உறங்கு நிலையில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் முதிராத குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கம் எந்தச் சமூகத்தில் இருந்தாலும், அதை அன்போடு மறுப்பதற்குத் தாய்க்கு உரிமை உண்டு.

நாளாந்த இனிப்பாகத் தேனைச் சீனியோடு ஒப்பிடும்போது பலரும் தவறவிடுவது எடையை. தேனில் ஏறத்தாழ 17 சதவீதம் நீர் இருப்பதால் 100 கிராம் தேன் 304 கிலோகலோரி அளவில்தான் தருகிறது. இதைக் காட்டித்தான் தேன் இலேசானது என்கிறார்கள். ஆனால் நாம் கிராமில் அளப்பதில்லை, கரண்டியில் அளக்கிறோம். மட்டமான ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம், 16 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம், 21 கிலோகலோரி. கரண்டிக்குக் கரண்டி மாற்றியவர் சீனியைக் கூட்டியிருக்கிறார். தேனில் பிரக்டோஸ் 38 சதவீதமும் குளுக்கோஸ் 31 சதவீதமும் அளவில் இருப்பதால் நாக்குக்கு அது கூடுதலாக இனிக்கும். அந்த இனிப்பைப் பயன்படுத்தி அரைக் கரண்டியோடு நிறுத்துபவருக்கு மட்டுமே மாற்றம் இலாபமாகும்.

கித்துள் பாணியைப் பற்றிப் பேசும்போது கிண்ணியா, மூதூர்ச் சட்டித் தயிரைப் பேசாமல் போக முடியாது. பாணியில் மூன்றில் இரண்டு பங்கு அளவு சீனி. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 13 கிராம் வரும். தயிரில் உள்ள புரதமும் கொழுப்பும் வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பதால், அதே 13 கிராம் தனியாகத் தேநீரில் போவதை விட மெதுவாக இரத்தத்தில் சேர்கிறது. எருமைத் தயிர் கொழுப்புக் கூடியது என்பதால் கலோரிக் கணக்கில் இது விருந்துக்குரியதாகவே இருக்க வேண்டும். ஆனால் விருந்துக்கு ஓர் இனிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நீரிழிவாளர் ஒருவருக்குப் பலூடாவா, ஒரு கரண்டி பாணி விட்ட தயிரா என்றால், நான் தயங்காமல் தயிரைச் சொல்வேன்.

குடிப்பதும் கடிப்பதும்

சீனியின் வகையை விடச் சீனி எந்த வடிவில் வருகிறது என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. நீரில் கரைந்த சீனி வயிற்றில் தங்காமல் விரைந்து குடலுக்குப் போகிறது, பசியையும் அடக்குவதில்லை. குடித்த கலோரிக்காக அடுத்த வேளைச் சோற்றில் யாரும் ஓர் அகப்பை குறைப்பதில்லை. பிரக்டோஸ் ஈரலில் திடீரென வந்து குவிவதும் இந்த வழியில்தான்.

வெக்கை கூடிய நாட்களில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் குளிர்ந்த சோடாவை நாடாதவர் குறைவு. இலங்கையில் 2016 முதல் இனிப்பூட்டிய பானங்களின் போத்தல்களில் நிறக் குறியீடு இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் 10 கிராம் உள்ள பானமும் 3 கிராம் உள்ள பானமும் ஒரே செம்மஞ்சள் நிறத்தில் வருகின்றன என்பதையும், குறியீடு 100 மில்லிலீற்றருக்கானது, போத்தலுக்கானது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். செம்மஞ்சள் நிறமிட்ட 400 மில்லிலீற்றர் போத்தலில் 10 கிராம் வீதம் இருந்தால், குடித்து முடிக்கும்போது 40 கிராம், அதாவது 10 தேக்கரண்டி உள்ளே போயிருக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல், சேர்க்கப்படும் சீனியையும் தேன், பாணி, பழச்சாறு ஆகியவற்றின் சீனியையும் ஒன்றாகவே எண்ணி, அது நாளாந்தச் சக்தியின் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மேலும் நன்மை என்றும் சொல்கிறது. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். தேனுக்கு அந்தக் கணக்கில் விலக்களிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சோடாவைத் தொடாதவர்களும் தேநீரில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு குவித்த கரண்டி என்றால் 48 கிராம். தேநீர்க் கடைகளின் ரின்பால் இன்னும் மறைவானது: அதில் பாதிக்கும் மேல் சீனி, அதிலும் பெரும்பகுதி தொழிற்சாலையில் சேர்க்கப்பட்டது. ஒரு மேசைக்கரண்டி ரின்பால் 11 கிராம் அளவில் சீனியைக் கொண்டு வருகிறது. சீனி வேண்டாம், பால் மட்டும் போடுங்கள் தம்பி என்று சொல்லி வாங்கும் தேநீரிலும் அது இருக்கும். இங்கே செய்யப்படும் ஒரு மாற்றம், சிவப்புச் சீனிக்கும் பனங்கட்டிக்கும் மாறுவதால் கிடைக்கும் எல்லாவற்றையும் விடப் பெரியது. இளநீர் வேண்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அதன் சீனி ஒரு சாதாரண மென்பானத்தின் பாதியளவு அல்லது அதற்கும் குறைவு. சிறுநீரக நோயாளர்கள் மட்டும், கருப்பட்டியில் சொன்ன அதே பொட்டாசியக் காரணத்தால், வைத்தியரிடம் கேட்டுக் குடிப்பது நல்லது.

பழத்தின் சீனியும் அடிப்படையில் இதே குளுக்கோஸும் பிரக்டோஸும்தான். ஆனால் நார்ச்சத்தும், மென்று விழுங்க எடுக்கும் நேரமும், பழம் வயிற்றை நிறைக்கும் விதமும் சேர்ந்து அளவையும் வேகத்தையும் கட்டுப்படுத்துகின்றன. அதே பழத்தைச் சாறாக்கி வடித்தால் இந்தக் கட்டுப்பாடு போய்விடும். மூன்று தோடம்பழத்தை உரித்துத் தின்ன நேரமும் மனமும் வேண்டும், சாறாகக் குடிக்க அரை நிமிடம் போதும். வீதியோரத்தில் விற்கும் வெள்ளரிப்பழம் தன்னளவில் சீனி மிகக் குறைந்த பழம். அதன்மேல் நாம் கொட்டும் சீனிதான் அதை இனிப்புப் பண்டமாக்குகிறது. நோன்பு திறக்கும்போது கிண்ணியாவிலும் மூதூரிலும் முதலில் எடுக்கும் பேரீச்சம்பழத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். சிறிய வகைப் பழம் ஒன்றில் 5 கிராம் அளவில் சீனி இருக்க, பெரிய மெஜூல் வகைப் பழம் ஒன்றில் 16 கிராம் அளவில் இருக்கும். நீரிழிவுள்ள ஒருவருக்கு மூன்று என்ற எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் தட்டிலிருக்கும் வகையைப் பொறுத்துச் சீனி மும்மடங்காக மாறும். சிறிய பழம் ஒன்றோ இரண்டோ, அதன்பின் நீர் என்பது, சர்பத்தோடு திறப்பதை விடப் பல வகையிலும் மேலானது.

சீனியில்லா இனிப்பு

சுக்ரலோஸ் சீனியைப் போல ஏறத்தாழ 600 மடங்கும், அஸ்பாட்டேம் 200 மடங்கும், ஸ்டீவியாச் செடியிலிருந்து பிரிக்கப்படும் இனிப்பு 200 முதல் 300 மடங்கு வரையும் இனிப்பவை என்பதால், தேநீருக்குத் தேவையான அளவில் இவை இரத்தக் குளுக்கோஸை உயர்த்துவதில்லை. இந்த ஒரு விடயத்தில் இவை மேலே சொன்ன எல்லாப் பொருட்களையும் வெல்கின்றன. நீரிழிவாளர் ஒருவர் இனிப்பில்லாத் தேநீருக்குப் பழகும் வரை ஒரு பாலமாக இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் எடை குறைவதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அதன் காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் அஸ்பாட்டேம் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருட்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது பெரிய பரபரப்பு எழுந்தது. அப்போதும் உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவு மாற்றப்படவில்லை. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். தேநீரில் ஓரிரு வில்லை போடுபவர் அதன் அருகில் கூடப் போவதில்லை. அஸ்பாட்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும் என்பதால் பாயாசத்தில் கொதிக்க விடுவதற்கு உதவாது. பிள்ளைகளுக்கு இவற்றைப் பழக்குவதை நான் விரும்பவில்லை. அவர்களுடைய நாக்கு குறைந்த இனிப்புக்கு இப்போதே பழகுவது எளிது.

ஒரு வீட்டுக்கு எதை வாங்குவது

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், முடிவு ஆளுக்கு ஆள் மாறும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி, பனங்கட்டி, தேன் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில்தான் வரும். எது பிடிக்குமோ அதை அளந்து எடுக்கலாம், ஆனால் அது மருந்தென்று நினைத்து அளவைக் கூட்டக் கூடாது. சீனியை நிறுத்திவிட்டேன் என்று சொல்பவரின் தட்டில் அரிசிமாப் பிட்டு மலைபோல் இருந்தால், அந்த மாப்பொருள் முழுவதும் குளுக்கோஸாகவே இரத்தத்துக்குப் போகும் என்பதையும் வீட்டிலுள்ளவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கும் கவுட் நோயுள்ளவருக்கும், ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கேனில் கண்டவருக்கும், பிரக்டோஸ் கூடிய தேனும் இனிப்புப் பானங்களும் மற்றவர்களை விடக் கூடுதலாகப் பகையானவை. இவர்களின் இரத்தக் குளுக்கோஸ் சரியாக இருப்பது இங்கே ஆறுதல் தராது. பற்களைப் பொறுத்தவரை மொத்த அளவோடு, ஒரு நாளில் எத்தனை தடவை இனிப்பு வாயில் படுகிறது என்பதும் முக்கியமாகையால், பிள்ளைகள் ஒட்டும் தன்மையுள்ள கருப்பட்டித் துண்டை மணிக்கணக்கில் சூப்பிக்கொண்டிருப்பதை விட, சாப்பாட்டோடு ஒரு தடவை இனிப்பை உண்டு முடிப்பது நல்லது. தைப்பொங்கலுக்குச் சர்க்கரையும், மோதகத்துக்குப் பனங்கட்டியும் வாங்குவதை இந்தக் கணக்குகள் எதுவும் தடுக்கவில்லை. ஆண்டில் சில நாட்கள் உண்பதைப் பற்றியல்ல, நாளுக்கு நான்கு தடவை குடிப்பதைப் பற்றியே இவ்வளவும் சொல்லப்பட்டது.

நீரிழிவாளர் இருக்கும் வீட்டிலிருந்து வெள்ளைச் சீனியை முற்றாக அகற்றிவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஏற்றுபவருக்கும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்கும், சாப்பாடு பிந்தினாலோ வழமையை விடக் கூடுதலாக உடலுழைப்புச் செய்தாலோ இரத்தக் குளுக்கோஸ் ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே விழுந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். அந்த வேளையில் நமக்கு வேண்டியது மிக விரைவாக இரத்தத்தில் சேரும் இனிப்பு: ஏறத்தாழ 15 கிராம், அதாவது மட்டமாக நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பிறகு மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சொக்கலேட்டின் கொழுப்பு உறிஞ்சலைத் தாமதமாக்குவதால் அது உதவாது. செயற்கை இனிப்பு எந்தப் பயனும் தராது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கபோஸ் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சுக்குரோஸை வெட்டும் குடல் நொதியத்தையே அந்த மருந்து தடுப்பதால் சீனித் தண்ணீர் அவர்களுக்கு வேளைக்கு உதவாது. அவர்களுடைய வீட்டில் மருந்தகத்தில் கிடைக்கும் குளுக்கோஸ் தூள் ஒரு பொதி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடத்தில், எப்போதும் இருக்க வேண்டும்.